கத்திரி வெயிலில் சாத்திய கதவு

கதவுக்கு வெளியே இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவருடைய செருப்பில் லாடம் அடித்திருந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், பண்ணைக் காரியக்காரர். மற்றவருடைய செருப்பு புதுத்தோலில் கீச்சிட்டது. அப்படி ஒரு செருப்பு எங்கள் தெருவில் யாரிடமும் இல்லை.

உச்சி சாய்ந்து வெயில் வாசலுக்கு வந்த நேரம். நான் உள்ளே இருட்டில், ஈரமணலில் பதித்திருந்த பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மகள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு எட்டு மாதம்.

“வீட்ல யாருங்க? தாலுகா கச்சேரிலேந்து வந்துருக்கோம்.”

நான் பதில் சொல்லவில்லை.

“நாந்தான் சொன்னேனே சார்” என்றது காரியக்காரரின் குரல். “இது பண்ணையோட வைக்கோல் கொட்டாய். பூட்டு தொங்குது பாருங்க. இடுக்கெல்லாம் வைக்கோல் பிதுங்குது.”

கதவிடுக்கில் சரசரவென்று சத்தம். யாரோ ஒரு வைக்கோலை உருவினார்கள். அந்த ஓட்டை வழியாக ஊசி மாதிரி ஒரு வெளிச்சம் பாய்ந்து என் பாதத்தில் விழுந்தது. காலை இழுத்துக்கொண்டேன்.

“எழுதிக்குங்க சார். அங்க வெரால் மீன் கொழம்பு ஆறுது.”

லாடச் சத்தம் விலகிப் போனது. தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். அந்தக் கோடையில் நான் செய்த தவறுகளில் அதுதான் பெரியது.

ஆண்டு எது?

சென்ற வாரம் இந்தத் தொடரில் ஓர் ஆண்டைத் தவறாக எழுதியதாக உறவினர் இரண்டு பேர் திருத்தம் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு திருத்தமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஆகவே இந்த வாரம் ஆண்டே எழுதப் போவதில்லை. உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

மகளின் ஞானஸ்நானச் சீட்டு என்னிடம் இருக்கிறது. அதிலிருந்து எண்ணினால், அந்த இருவரும் வந்து கூப்பிட்டது உயிர்ப்பு ஞாயிறு கழிந்து சில வாரங்களில். அக்கினி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. கச்சேரி என்று நாங்கள் சொல்லும் தாலுகா அலுவலகத்தின் நோட்டீஸ் ஒன்றும் வைத்திருக்கிறேன். மடித்து மடித்து, தேதி இருந்த இடத்தில்தான் கிழிந்திருக்கிறது. காகிதங்கள் எப்போதும் வேண்டிய இடத்தில்தான் கிழிகின்றன.

ஊர், வலங்கைமானிலிருந்து குடவாசல் போகும் வழியில் இருக்கிறது. எங்கள் தெரு முழுவதும் பண்ணை நிலத்தில் இருந்தது. தெருவின் ஒரு முனையில் ஆளும் கட்சியின் இருவண்ணக் கொடி, மறு முனையில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் செங்கொடி. கூலிச் சண்டையில் எங்கள் பக்கம் ரத்தம் பார்த்திருந்தது. அந்நியக் குரல் கேட்டால் முதலில் குழந்தையைத் தூக்கிக்கொள்வோம்; பிறகுதான் யாரென்று பார்ப்போம்.

அந்த நேரத்தில்தான் புதுச் சட்டம் வந்தது. மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தம். ஆனால் அங்கே ஆள் குடியிருக்க வேண்டும். வருவாய் ஆய்வாளர் நேரில் பார்த்து அப்படி எழுத வேண்டும். இல்லையென்றால் மனை பண்ணைக்கே போய்விடும்.

எங்களுக்கு வேறு இடம் கிடையாது. என் கணவர் சவரிமுத்து பிறந்ததும் அந்த மண்சுவருக்குள்தான்.

மருமகள் கொண்டுவந்த படிப்பு

நான் தஞ்சாவூரில் சிஸ்டர்கள் விடுதியில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். அங்கே நோயாளி அறையைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர், கோடையில் காலை எட்டு மணிக்கெல்லாம் ஜன்னல்களைச் சாத்திவிடுவார். “வெயிலை உள்ளே விட்டுவிட்டு விசிறியால் துரத்துவது முட்டாள்தனம்” என்பார். மாலையில் கடல்காற்று திரும்பியதும் எல்லாவற்றையும் திறப்பார். அந்த அறை மட்டும் எப்போதும் குளிர்ந்திருக்கும். காய்ச்சல் இல்லாமலேயே அங்கே போய்ப் படுத்திருக்கிறேன்.

கல்யாணமாகி வந்த வீடு மேற்கு பார்த்தது. பிற்பகல் வெயில் முழுவதும் வாசற்கதவில்தான். பலகை வெடித்து, விரல் நுழையும் அளவுக்கு இடுக்கு விட்டிருந்தது. குழந்தை பிறந்த பிறகு வந்த முதல் கோடை. மின்விசிறி வாங்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். தெருவுக்கே மின்சாரம் இல்லை.

நான் செய்ததெல்லாம் இவைதான். வாசற்கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லாததால் வெளியே பூட்டி, உட்புறம் இடுக்குகளில் வைக்கோலைத் திணித்து அடைத்தேன். போக வர கொல்லைக் கதவு. கூரை மேல் மூங்கில் கழிகளைப் படுக்க வைத்து, ஒரு சாண் இடைவெளி விட்டு, இன்னொரு அடுக்கு வைக்கோல் பரப்பச் சொன்னேன். வெயில் மேலடுக்கோடு நின்றுவிடும், நடுவில் காற்று ஓடும். சமையலை விடியும் முன்பே முடித்தேன். கிழக்கு ஜன்னலில் ஈரச் சாக்குத் தொங்கவிட்டேன்.

ஈரச் சாக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. காற்று வீசும் நாளில் அதைப்போலச் சுகம் வேறில்லை. காற்று நின்ற நாளில் அது வெறும் புழுக்கம், நனைக்கக் கூடாது. நாலு நாளைக்கு ஒருமுறை வெயிலில் காயப்போடாவிட்டால் நெல் ஊறல் நாற்றம் வரும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நானே மூக்கைப் பிடித்துக்கொண்டு கற்றது.

வீடு குளிர்ந்தது. குழந்தை பகலில் அழாமல் தூங்கினாள். நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

என்ன காய்ச்சுகிறாள்?

பகலெல்லாம் பூட்டிய வீடு. ஆனால் குடம் குடமாகத் தண்ணீர் உள்ளே போகிறது. அந்த ஆண்டு எங்கள் தெரு இதை எப்படிப் பார்த்திருக்கும் என்று யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

அடிபம்பில் ஒருத்தி கேட்டாள். “ஏன் செல்வம், சாக்கு நனைக்கவா இத்தன கொடம்? ஊறல் கீறல் போட்டுருக்கியா?”

“போட்டா உனக்கு ஒரு கிளாஸ் தராமலா இருப்பேன்?”

சிரித்தார்கள். ஆனால் மறுநாள் ஒருத்தர், குப்பை கொட்டுகிற சாக்கில், எங்கள் கொல்லைப்பக்கம் வந்து மூக்கை உறிஞ்சிவிட்டுப் போனார்.

சாராயம் இல்லையென்று தெரிந்ததும் வேறு சந்தேகம் வந்தது. பண்ணையில், உள்ளே சங்கக் கூட்டம் நடக்கிறது என்று பேசினார்களாம். சங்கத்திலோ, படித்த பெண் பண்ணைக்குச் சேதி எழுதிக் கொடுக்கிறாளோ என்று என் கணவரிடமே கேட்டிருக்கிறார்கள்.

“பகல்ல கதவச் சாத்துறது குத்தமாப் போச்சே” என்றேன்.

“குத்தமில்ல. புதுசு” என்றார் அவர். “இப்ப எது புதுசா இருந்தாலும் சந்தேகந்தான்.”

லூர்து மச்சான் சொன்னது

லூர்துசாமி என் கணவரின் பெரியப்பா மகன். நான் மச்சான் என்று கூப்பிடுவேன். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி அவர் வீடு. தெருவில் பலரும் சங்கத்துக்குப் போன பிறகும், அவர் மட்டும் பண்ணையில் வருஷக் கூலியாகவே இருந்தார். மாடுகள் அவர் பொறுப்பு. அதனால் அவர் வந்தால் பேச்சு நின்றுவிடும். என் வீட்டிலும் அப்படித்தான்.

அந்த இருவரும் வந்ததற்கு முதல் நாள் சாயங்காலம் அவர் கொல்லைப்பக்கமாக வந்தார்.

“செல்வம், ஒண்ணு சொல்றேன். நான் சொன்னதா வெளிய சொல்லிப்புடாத. நாளைக்குப் பண்ணை ஆளுங்க கச்சேரி பேரச் சொல்லிகிட்டு வருவாங்க. காலி பண்ணிக்கிறேன்னு எழுதுன காயிதத்துல கைநாட்டு வாங்கிடுவாங்க. கூப்புட்டா கொரல் குடுக்காத.”

“எனக்குத்தான் படிக்கத் தெரியுமே மச்சான்.”

“படிக்க உடுவாங்களா? புள்ள கைல இருக்கப்ப ரெண்டு பேரு வந்து நின்னா நீ என்ன படிப்ப?”

அவர் சொன்னபடியே மறுநாள் ஆள் வந்தது. கச்சேரி பேரும் சொன்னார்கள். நான் சத்தம் காட்டவில்லை.

பத்து நாள் கழித்து நோட்டீஸ் வந்தது. நானே என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். தணிக்கையின்போது கட்டடம் பூட்டியிருந்தது, வைக்கோல் சேமித்து வைக்கப்பட்டிருந்தது, குடியிருப்பு அல்ல. வந்தவர் உண்மையான வருவாய் ஆய்வாளர்.

என் கணவர் நோட்டீஸை வாங்கி மடித்தார். பிறகு, “வீட்டக் குளுர வச்ச. நல்லா குளுந்து போச்சு” என்றார்.

நான் லூர்து மச்சானின் பெயரைச் சொன்னேன். சொன்ன நிமிடத்திலிருந்து எனக்கு வேறு எண்ணமே இல்லை. யார் சோற்றைத் தின்கிறாரோ அவருக்கு வேலை செய்திருக்கிறார். அன்று முதல் அவர் மனைவி பிலோமினா அக்கா நெருப்புக் கேட்டு வந்தாலும் நான் எழுந்திருக்கவில்லை.

திறந்த வீடு

மறு தணிக்கை கேட்டு மனு எழுதினேன். வருவோம் என்றார்கள். என்றைக்கு என்று சொல்லவில்லை.

வாசல் பூட்டைக் கழற்றினோம். இடுக்கிலிருந்த வைக்கோலைப் பிடுங்கி எறிந்தேன். கூரையின் மேலடுக்கை என் கணவர் பிரித்துத் தள்ளினார். சாக்கு போயிற்று. கதவுகள் இரண்டும் விடியற்காலை முதல் அந்தி வரை திறந்தே கிடந்தன. நான் வாசலுக்கு நேரே, யார் எட்டிப் பார்த்தாலும் தெரிகிற மாதிரி, குழந்தையோடு உட்கார்ந்திருந்தேன்.

வீடு சூளையாயிற்று. பானைத் தண்ணீர் கொதிநீர் மாதிரி. குழந்தைக்கு முதலில் கழுத்தில் வேர்க்குரு, பிறகு தலையில் கட்டி, பிறகு காய்ச்சல். ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். துணி மறுபடி நனைப்பதற்குள் காய்ந்துபோனது.

“கதவச் சாத்து புள்ள. பச்சப்புள்ள செத்துரும்போல இருக்கு” என்றார் என் கணவர்.

“சாத்துன நேரத்துல வந்தா?”

அவர் கதவைச் சாத்தினார். நான் திறந்தேன். அன்று மனைக்கும் மகளுக்கும் நடுவே என்னை நிறுத்திய ஆள் என்று லூர்து மச்சானைத்தான் சபித்தேன்.

மறு தணிக்கை

கத்திரி முடிய இருந்த ஒரு பிற்பகலில் வந்தார்கள். ஆய்வாளர், காரியக்காரர், பின்னால் இளநீர்க் குலையைத் தூக்கிக்கொண்டு லூர்து மச்சான்.

“ரெண்டு வாரமாத்தான் சார் சட்டி பானையக் கொண்டாந்து அடுக்கியிருக்காங்க” என்றார் காரியக்காரர். “நோட்டீஸ் போன பொறவு நடக்குற நாடகம் இது.”

ஆய்வாளர் என்னைப் பார்த்தார். “அன்னிக்கு நான் வந்தப்ப நீ எங்கம்மா இருந்த?”

“உள்ளதாங்க இருந்தேன்.”

“உள்ள இருந்தா ஏன் கொரல் குடுக்கல?”

“பயந்துகிட்டுங்க.”

“கச்சேரின்னு சொல்லித்தானே கூப்புட்டேன்? என்ன பயம்? யாரு பயமுறுத்துனா?”

எனக்கு எதிரே லூர்து மச்சான் நின்றார். பெயரைச் சொன்னால் அவர் பண்ணை வேலை அன்றோடு போகும். சொல்லாவிட்டால் என் மனை போகும். அவர் மேல் எனக்கு அப்போது இரக்கம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் வாய் வரவில்லை. ஒருவேளை, அவரும் சேர்ந்து போட்ட திட்டமாக இருந்தால் பெயரைச் சொல்லியும் பயனில்லை என்று நினைத்தேனோ என்னவோ.

இளநீர்க் குலை தரையில் இறங்கியது.

“நாந்தாங்க சொன்னேன்” என்றார் லூர்து மச்சான். “பண்ணை ஆளுங்க வருவாங்க, கொரல் குடுக்காதன்னு நாந்தாங்க சொன்னேன். ஆளு இல்லாத வூட்ல போயி யார்கிட்டங்க சொல்லுவேன்?”

காரியக்காரர் திரும்பினார். “என்னடா ஒளர்ற?”

“சொந்தக்காரன் சொல்றத எப்படி எடுத்துக்குறது?” என்றார் ஆய்வாளர்.

எனக்கு அப்போதுதான் வாய் திறந்தது. “நீங்க கதவு இடுக்குலேந்து ஒரு வைக்கோல உருவுனீங்கய்யா. அது வழியா வெயில் என் கால்ல வுழுந்துச்சு. எழுதிக்குங்க, வெரால் மீன் கொழம்பு ஆறுதுன்னு இவங்க சொன்னாங்க.”

ஆய்வாளரின் முகம் சிவந்தது. வெயிலால் அல்ல. காரியக்காரரைப் பார்க்காமல் பேனாவைத் திறந்தார். எழுதிக்கொண்டே, “வீடு ஏம்மா இப்படிக் கொதிக்குது? கதவக் கொஞ்சம் சாத்தி வைக்கலாம்ல?” என்றார்.

இரண்டு வீட்டுப் புகை

அன்றைக்கே லூர்து மச்சானைப் பண்ணையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவரும் பிலோமினா அக்காவும் தேங்காய் உரிக்கும் வேலை தேடிப் பட்டுக்கோட்டைக்குப் போய்விட்டார்கள். கதவில் கயிற்றைக் கட்டிவிட்டுப் போனார்கள்.

அவர் மனைக்கு இன்னும் தணிக்கை ஆகவில்லை. இப்போது அது மெய்யாகவே ஆளில்லாத வீடு. காரியக்காரர் வழியில் போகும்போது அந்தக் கயிற்றைப் பார்த்துவிட்டுப் போவதை நானே இரண்டு முறை கவனித்தேன்.

இரண்டாவது முறைக்கு மறுநாள் கயிற்றை அவிழ்த்து, அங்கே அடுப்பு மூட்டினேன்.

“அவன் வூட்ல நீ ஏன் சோறாக்குற?” என்றார் என் கணவர்.

“பொக தெரியணும்.”

“அப்ப அவன நம்பிட்டியா?”

“இல்ல. ஆனா வீடு அவருதுதானே.”

எங்கள் வீட்டில் மறுபடி கூரைக்கு மேலடுக்குப் போட்டோம். வாசலைப் பூட்டாமல், பாய் தொங்கவிட்டோம். அடுப்பும் வெளியே போய்விட்டதால் வீடு முன்னைவிடக் குளிர்ந்தது. எத்தனையோ உபாயங்களைச் செய்து பார்த்தவள் சொல்கிறேன்: சிறிய வீட்டில் முதலில் வெளியேற்ற வேண்டிய சூடு அடுப்புதான். குழந்தையின் கட்டிகள் ஆறின.

ஆய்வாளர் லூர்து மச்சான் வீட்டுக்கு வந்தபோது நான் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார்.

“ரெண்டு வீட்லயும் நீயே இருக்கியேம்மா?”

“வீட்டுக்காரரு வேலைக்குப் போயிருக்காருங்க. வீட்டப் பாத்துக்கச் சொன்னாங்க.”

அப்படி லூர்து மச்சான் சொல்லவில்லை. ஆய்வாளர் எழுதினார். எட்டிப் பார்த்தேன், எழுதியதை இடக்கையால் மறைத்துக்கொண்டார். ஆகவே காகிதம் வரும்வரை அந்த அடுப்பை நான் அணைக்கவில்லை.

ஐப்பசி மழையில், இரண்டு பட்டாவும் ஒரே வாரத்தில் வந்தன. சேதி அனுப்பியதும் லூர்து மச்சான் ஒரு மூட்டை தேங்காயோடு வந்து இறங்கினார். தன் வீட்டுச் சுவரைப் பார்த்தார். “என்ன செல்வம், வூட்டையே கரியாக்கி வச்சிருக்க?”

“வெள்ளையா இருந்திருந்தா பண்ணைக்குப் போயிருக்கும் மச்சான்.”

பெரிதாகச் சிரித்தார். கொல்லையில் கம்பியை நட்டுத் தேங்காய் உரிக்க உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். மாதக்கணக்காக நெஞ்சில் இருந்ததை அப்போது கேட்டேன்.

“அன்னிக்கு ஆளு வரும், கொரல் குடுக்காதன்னு சொன்னீங்களே. உங்களுக்கு அத யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. மாட்டுக்குத் தண்ணி காட்டிகிட்டு இருந்தேன். காரியக்காரரு கொட்டாய்க்கு அந்தாண்ட நின்னு யார்கிட்டயோ பேசிகிட்டு இருந்தாரு. காதுல வுழுந்துச்சு.”

“யாரு பதில் பேசுனா?”

“அது கேக்கல. இவரு பேசுனதுதான் கேட்டுச்சு.”

“மெதுவாவா பேசுனாரு?”

“எங்க மெதுவா? மாடே மெரளுற மாதிரி சத்தமா...”

அவர் கை நின்றது. பாதி உரித்த தேங்காய் கம்பியிலேயே குத்தி நின்றது. பண்ணை வீடு இருந்த திசையை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். “நான் வந்து உங்கிட்ட சொல்லுவேன்னு தெரிஞ்சே, எங்காதுல வுழப் பேசியிருக்காரு” என்றார்.